ஈரம் குறைந்த கார்ப்பெட் கிளீனிங்குக்கு எந்த மெஷின்? சேலம், ஏற்காடு அனுபவம்

சேலத்தில் சின்ன அளவில் கிளீனிங் தொழில் நடத்துகிறேன். என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள், ஒரு வேன் இருக்கிறது. கீழே கல்யாண மண்டபம், கொலுசுக் கடை, கிளினிக் வேலைகள். மேலே ஏற்காட்டில் லாட்ஜ்களும் பழைய எஸ்டேட் பங்களாக்களும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் கார்ப்பெட்டுக்கு எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பல வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு நான் சொல்வது இதுதான்: எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதைப் பார்த்து மெஷினை எடுங்கள். ஆனால் கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கை நல்ல வேக்குவம் கிளீனருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். மே மாதம் கோடை விழா சமயத்தில் ஒரு அறைகூட சும்மா இருக்காது. காலையில் ஒருவர் காலி செய்தால் மதியம் அடுத்தவர் வந்துவிடுவார். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உறிஞ்சி எடுக்கும் எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின் அழுக்கை நன்றாகவே எடுக்கும். ஆனால் அந்தக் குளிரில் கார்ப்பெட் மறுநாள் வரைக்கும் ஈரமாகவே கிடக்கும், அப்புறம் வாடை அடிக்க ஆரம்பிக்கும். அங்கே ஒரு லாட்ஜில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "கண்ணு, ரெண்டு மணிக்கு ரூம் குடுத்தாகணும். அதுக்குள்ள காயும்னா மெஷினைப் போடு, இல்லைன்னா வேண்டாம்." கெமிக்கல் கரைசலைக் கொஞ்சமாகத் தெளித்துத் தேய்த்து, காய்ந்ததும் வேக்குவம் போடும் குறைந்த ஈர முறையில் ஃபேன் போட்டு விட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடக்கலாம். பனி இறங்கிய நாளில் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இந்த முறையில் பாதி வேலை கெமிக்கலுடையது. என்கேப்சுலேஷன் கெமிக்கல் என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் இருக்கும் பாலிமர் அழுக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, காய்ந்ததும் நொறுங்கும் துகளாக மாறும். பிறகு வேக்குவம் போட்டால் அழுக்கோடு சேர்ந்து வந்துவிடும். சாதாரண ஷாம்பு அப்படி இல்லை. அது காய்ந்த பிறகும் பிசுபிசுப்பாக இழையில் ஒட்டியிருந்து புதுத் தூசியை இழுக்கும். கழுவிய கார்ப்பெட் சீக்கிரமே மறுபடி அழுக்காகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புது கெமிக்கல் எது வந்தாலும் நாங்கள் கலந்த கரைசலில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்துவிடுவோம். காலையில் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர வேண்டும். பசை மாதிரி இழுபட்டால் அது எங்களுக்கு வேண்டாம். டீலர் காட்டும் பேப்பரைவிட இந்தத் தட்டை நான் நம்புகிறேன்.

சரி, மெஷினுக்கு வருவோம். இந்த முறைக்குக் கடையில் மூன்று வகை காட்டுவார்கள். முதலாவது, தரை தேய்க்கப் பயன்படும் 17 அங்குல சிங்கிள் டிஸ்க் மெஷின். அதில் துணிப் பேட் மாட்டிக் கார்ப்பெட்டிலும் ஓட்டலாம். ஏற்கெனவே டைல்ஸ், மொசைக் வேலைக்கு வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் கனமான இரும்பு, பழகாத கையைச் சுழற்றி இழுக்கும், நுனி வெட்டிய இழைக் கார்ப்பெட்டில் வட்ட வட்டமாகத் தடம் விழும். எங்கள் பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு பங்களாப் படி ஏற முடியாது. எனக்கு அதோடு பேச்சு முடிந்தது.

இரண்டாவது, பேட் சுழலாமல் சின்னச் சின்ன அசைவாக அதிரும் ஆர்பிட்டல் மெஷின். வேலை மென்மை, ஓட்ட எளிது, கறை பேடிலேயே ஏறி வெளியே வந்துவிடும். அலுவலகத்தில் பசை வைத்து ஒட்டிய கார்ப்பெட் டைல்ஸ் மட்டும் செய்கிறவர்களுக்கு இதையே சொல்வேன். எங்களுக்குச் சிரமம் பேடைத் துவைப்பதில் இருக்கிறது. ஒரு லாட்ஜ் முடிவதற்குள் பேட் மூட்டை சேர்ந்துவிடும், மழைக்காலத்தில் அது காயாது.

மூன்றாவதுதான் நாங்கள் வைத்திருப்பது. டீலர்கள் சிஆர்பி (கவுன்டர் ரொட்டேட்டிங் பிரஷ்) என்பார்கள். இரண்டு நீள உருளை பிரஷ்கள் எதிரெதிராகச் சுற்றும்; இழையை இரண்டு பக்கமும் நிமிர்த்தி, முடி, மணல், நூல் எல்லாவற்றையும் வாரி இரு பக்கத் தட்டுகளில் போடும். ஒரு ஆள் தூக்கிப் படியேறலாம். வேக்குவம் போட்ட பிறகும் அந்தத் தட்டைத் திறந்து பாருங்கள்: தலைமுடி, பிஸ்கட் தூள், காலில் ஒட்டி வந்த செம்மண். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுக் கடையில் தட்டைக் கொட்டியபோது முடிக்கற்றைக்குள் குட்டிக் குட்டி வெள்ளி முத்துக்கள் கிடந்தன. பொறுக்கித் துடைத்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தோம். அன்றிலிருந்து அந்தக் கடையில் தட்டை அவர்கள் முன்னால்தான் திறக்கிறோம்.

இந்த மெஷின் ஓடக்கூடாத இடங்களும் உண்டு. குஞ்சம் வைத்த ஓரம், நீள இழைக் கார்ப்பெட், வளைய இழையில் ஒரு நூல் கிளம்பி நிற்கும் இடம். அந்த நூலைக் கத்தரிக்காமல் மேலே ஓட்டினால் வரிசையாகப் பிரிந்து வரும். பவானி ஜமக்காளத்தின் மேல் நான் மெஷினே வைக்கமாட்டேன். வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்து, கையால் மட்டும்.

வேக்குவம் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கார்ப்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் தூசியும்தான். அதை எடுக்காமல் மேலே கெமிக்கல் அடித்தால் சேறுதான் ஆகும். இங்கே சுலபமாகக் கிடைக்கும் டிரம் வகை வேக்குவம், தட்டை மூக்கோடு, மேலாக இருப்பதை மட்டும் எடுக்கும். அடியில் தங்கிய மணலைக் கிளப்ப மூக்கிலேயே சுழலும் பிரஷ் வேண்டும், அதற்குத் தனி மோட்டார் இருந்தால் இன்னும் நல்லது. காய்ந்த பிறகு இரண்டாவது தடவை வேக்குவம் போடுவதும் வேலையின் ஒரு பகுதி. நம்மால் அதுவரை காத்திருக்க முடியாத இடத்தில், மறுநாள் போடச் சொல்லி ஹவுஸ்கீப்பிங் ஆளிடம் காட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அது நடக்காவிட்டால் நொறுங்கிய அழுக்கு அங்கேயே கிடக்கும்.

தண்ணீர் விஷயத்திலும் இந்த முறை நமக்குக் கைகொடுக்கிறது. எங்களுக்கு நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கரைசல் போகிறது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் இடத்தில் இதன் அருமை தெரியும். சேலத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். அதில் கலந்தால் கெமிக்கலின் வேகம் குறையும், ஸ்பிரேயர் நாசில் உப்புப் பிடித்து அடைக்கும். கலப்பதற்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் கேன் எடுத்துப் போகிறோம். இந்த அளவுக்கு அது பெரிய செலவே இல்லை.

கரண்ட்டையும் பார்க்க வேண்டும். பழைய பங்களாக்களில் பல அறைகளில் 5 ஆம்ப் பிளக் மட்டும்தான். எங்கள் பிரஷ் மெஷின் அதில் ஓடிவிடும். இரண்டு மோட்டார் வைத்த பெரிய எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷினுக்கு 15 ஆம்ப் பிளக் தேட வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனில் செய்துகொள்ளுங்கள். மெல்லிய வயரை ஐம்பது அடி இழுத்தால் மெஷினுக்கு வோல்டேஜ் குறையும், வயர் சூடாகும். அமெரிக்காவில் ஓடிய பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கித் தரும், ஆனால் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. இண்டக்‌ஷன் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் ஏறும்.

எல்லாக் கறைக்கும் இது போதாது. குழந்தை மூத்திரம், வாந்தி, கொட்டிய பால் எல்லாம் அடிவரை இறங்கியிருக்கும். அலசி உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். அதற்காக 10 லிட்டர் டேங்க் கொண்ட சின்ன ஸ்பிரே எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின் ஒன்றும் வேனில் இருக்கிறது. பல வருட அழுக்கு ஏறிய கார்ப்பெட்டுக்கும் முதல் தடவை அதுதான், பிறகு பராமரிப்புக்குப் பிரஷ் மெஷின். அடிப்பக்கம் சணல் இருந்தால் அங்கேயும் தண்ணீரைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். ஊறினால் பழுப்புக் கறை மேலே ஏறிவிடும். கல்யாண மண்டபத்து மேடைக் கார்ப்பெட்டில் மஞ்சள் கறை இருக்கும்போது காரத்தன்மையுள்ள கெமிக்கல் பட்டால் அது சிவந்துபோகும். நியூட்ரல் கெமிக்கலில் துடைத்துவிட்டு, கழற்றக்கூடிய கார்ப்பெட்டாக இருந்தால் வெயிலில் போடச் சொல்கிறேன். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே வெளுக்கும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் உருளையைக் கழற்றி, இரு முனையிலும் சுற்றிய முடியைக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அது பேரிங்குக்குள் போய்விடும். தேய்வது பிரஷும் பெல்ட்டும்தான். வாங்கும்போதே ஒரு ஜோடி பிரஷும் ஒரு பெல்ட்டும் உதிரியாகக் கேளுங்கள். சேலத்துக்கோ கோயம்புத்தூருக்கோ எத்தனை நாளில் பாகம் வரும் என்பதை எழுதி வாங்குங்கள். விலையையும் ஜிஎஸ்டி சேர்த்தே கேளுங்கள்: சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவு செய்யாதவர்களுக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது, முழுதும் நம் கைக்காசு.