கியர் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

யாழ்ப்பாண நகருக்குள் ஒரு சைக்கிள் கடையில் என் மவுண்டன் பைக்கைத் திருத்தக் கொடுத்துப் பதினெட்டாயிரம் ரூபாய் இழந்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

வல்லிபுரம், மணற்காடு பக்கம் மணல் ஒழுங்கைகளில் ஓடுவதற்கென்று வாங்கிய வண்டி. ஒருநாள் வலப்பக்கமாக விழுந்த பிறகு பின் கியர் ஒழுங்காக ஏறவில்லை. பின் டிஸ்க் பிரேக்கும் கீச்சென்று கத்தியது. கோளாறு அவ்வளவுதான். கடைக்காரர் பின் சில்லைத் தூக்கி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “தம்பி, எல்லாம் தேஞ்சு போச்சு. செயின், பிறீவீல், பின் கியர் மூண்டையும் மாத்த வேணும். விட்டுட்டுப் போங்கோ, பின்னேரம் வந்து எடுக்கலாம்” என்றார். (பிறீவீல் என்பது பின் சில்லின் பல்லுத் தொகுதி. பின் கியர் என்பது செயினைப் பல்லுக்குப் பல்லு நகர்த்தும் பொறி.) பின்னேரம் போனால் ஒரு துண்டில் மொத்தத் தொகை மட்டும் எழுதியிருந்தது. எந்தச் சாமான் என்ன விலை என்று ஒரு வரியும் இல்லை.

காசைக் கொடுத்து வண்டியை எடுத்து வந்தால், கியர் பழையபடி இழுபறிதான். சாவகச்சேரியில் என் பெரியப்பா இருக்கிறார். பெற்றோல் வராத தொண்ணூறுகளில் சைக்கிள் திருத்தியே வீட்டை நடத்தியவர். கியர் வண்டி அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் பின்னால் குந்தியிருந்து பார்த்த உடனேயே, “இது தொங்குற துண்டு உள்ளுக்கு வளைஞ்சு கிடக்கே, ஒருத்தரும் பாக்கேல்லையோ?” என்று கேட்டார்.

அந்தத் துண்டின் பெயர் ஹேங்கர். பின் கியரைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு. விழும்போது சட்டம் உடையாமல் தான் வளைந்து கொடுப்பதற்காகவே அதைத் தனியாகப் பூட்டுகிறார்கள். அது வளைந்திருந்தால் எத்தனை புதுக் கியர் போட்டும் பயனில்லை. பின்னால் நின்று பாருங்கள்: கியரின் இரண்டு சின்னச் சில்லுகளும் பல்லுக்கு நேர் கீழே, ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

பழைய சாமான்களைக் கேட்டு வாங்கியிருந்தேன். பையில் செயினும் பிறீவீலும் இருந்தன. வண்டியோடு வந்த சிமானோ கியர் இல்லை. வண்டியில் பூட்டியிருந்ததோ பெயரே இல்லாத ஒன்று. கடைக்காரரைக் கேட்டால், “பழசுதானே, எறிஞ்சாச்சு” என்றார். மற்ற இரண்டையும் எறியாமல் அதை மட்டும் எறிந்திருக்கிறார்!

செயின் தேய்ந்ததா என்று பார்க்கப் பள்ளிக்கூட அடிமட்டம் போதும். ஒரு ஆணியின் நடுவைப் பூச்சியத்தில் வைத்து செயினை இழுத்துப் பிடித்தால், அதிலிருந்து 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். பதினாறில் ஒரு அங்குலம் தாண்டினால் செயினை மாற்றும் காலம். எட்டில் ஒரு அங்குலம் தாண்டினால் பிறீவீலும் போயிருக்கும். என் பழைய செயின் 12 அங்குலக் கோட்டிலேயே நின்றது.

கியர் ஏறாததற்குப் பெரும்பாலும் கேபிள் தளர்வுதான் காரணம். கேபிள் பின் கியருக்குள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய ஒரு சின்னக் குமிழ் இருக்கும். செயின் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் அதை இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். எங்கள் உப்புக் காற்றில் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும். அப்போது கேபிளையும் உறையையும் மாற்றினால் சரி. ரயர் வாங்கும்போதும் கவனம்: 26 x 1.95 என்பதும் 26 x 1 3/8 என்பதும் ஒரே அளவு அல்ல. “இருபத்தாறுதானே” என்று மாற்றித் தந்தால் ரிம்மில் பொருந்தாது.

எல்லாக் கடையும் இப்படியில்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது பலர் கியர் சைக்கிளுக்கு மாறினார்கள், கடைக்காரர்களுக்கோ ஒற்றைப் பல்லு வண்டிதான் பழக்கம். “எனக்கு இது தெரியாது தம்பி” என்று நேரே சொன்ன ஒருவர் நெல்லியடியில் இருக்கிறார். என் வண்டியில் இனி ஒட்டுப் போடுவதென்றால் அவரிடம்தான்.

பணத்தை விடுங்கள், பிரேக்கில் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொடிகாமம் சந்தியில் எதிரே பஸ் வர, பின் பிரேக்கைப் பிடித்தேன், பிடிக்கவே இல்லை. முன் பிரேக் இருந்ததால் தப்பினேன். சத்தம் போவதற்காக டிஸ்க்கில் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. பட்டால் தகட்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் கொண்டு துடைத்து எடுக்கலாம், ஆனால் எண்ணெய் குடித்த பிரேக் பாட்களை, அதாவது தகட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டைகளை, மாற்றித்தான் ஆக வேண்டும். திரும்பப் போய்க் கேட்டேன். “எண்ணெய் விட்டாத்தானே சத்தம் நிக்கும்? பாட் ஒரு சோடி கிடக்கு, போடட்டோ?” என்று விலை சொன்னார்.