போகிமான் ஸ்கார்லெட், வயலெட்: டிரேட் வசதி எப்படி இருக்கிறது?

போகிமான் எனும் கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்க்கும், 2022 நவம்பரில் வந்த இந்த இரண்டு கேம்களில் எதை வாங்கினாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கதை நடக்கும் பால்டியா பகுதியின் போகிமான் பட்டியலான போக்கெடெக்ஸில் 400 இடங்களையும் அடுத்தவர் துணையில்லாமல் நிரப்ப முடியாது. டெய்னோ என்ற போகிமான் ஸ்கார்லெட்டில் மட்டும் திரியும், பேகன் வயலெட்டில் மட்டும் திரியும். கேபிள் வழியே ஒரு கேம் பாய் கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் பூச்சிகள் ஊர்ந்து போவதாகச் போகிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி கற்பனை செய்தாரே, 1996இல் வந்த முதல் கேமிலிருந்தே தொடரும், போகிமான்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் ஏற்பாடு இது. என்னிடம் மிஞ்சியது உன்னிடம் இல்லை, உன்னிடம் மிஞ்சியது என்னிடம் இல்லை. அதனால் பேரம் இயல்பாகவே நியாயமாக முடிகிறது.

இதில் மிக அழகாக அமைந்தது சார்கடெட் என்ற போகிமான். இரண்டு கேமிலும் கிடைக்கும். ஸ்கார்லெட் வைத்திருப்பவர் பிரான்ஸர் என்ற போகிமானின் 10 துண்டுகள் சேர்த்து ஸாபாபிகோ ஊரில் கொடுத்தால் ஒரு கவசம் கிடைக்கும். அதை அணிந்து சார்கடெட் ஆர்மரூஜ் என்ற வேறொரு போகிமானாக மாறும். வயலெட்டில் கேட்பது 10 சினிஸ்டீ சில்லுகள், ஆவது செருலெட்ஜ். ஒரு போகிமானின் கையில் கவசத்தைக் கொடுத்து டிரேட் செய்தால், வாங்குபவர் தன் சார்கடெட்டைத் தானே மாற்றிக்கொள்ளலாம். போகிமானை மட்டும் வாங்குவதைவிட இது திருப்தியானது.

செய்முறை எளிது. எக்ஸ் பட்டனை அழுத்தி போக்கே போர்ட்டலுக்குள் போய், லிங்க் டிரேடில் இருவரும் ஒரே எண்ணைப் போட வேண்டும். 12345678 மாதிரி எண் வேண்டாம். அதையே போட்ட யாரோ ஒருவர் நடுவில் வந்து மாட்டுவார். சம்மதம் சொல்லும் முன் எதிராளி காட்டும் போகிமானின் விவரப் பக்கத்தைத் திறந்து, கையில் என்ன பொருள் இருக்கிறதென்று பாருங்கள். ஹாண்டர் என்ற போகிமான் டிரேடில்தான் கெங்காராக மாறும். மாற்றத்தைத் தடுக்கும் எவர்ஸ்டோன் கல்லைப் பிடித்திருந்தால் ஹாண்டராகவே போய்ச் சேரும். சைதர் சிஸராக வேண்டுமென்றால் மெட்டல் கோட் என்ற பொருள் கையில் இருக்க வேண்டும்.

டிரேடில் வந்த போகிமானுக்கு அனுபவப் புள்ளி ஒன்றரை மடங்கு, வேற்று மொழி கேமிலிருந்து வந்திருந்தால் இன்னும் அதிகம். ஆனால் ஜிம் தலைவர்களை வென்று பெறும் பேட்ஜ் ஒன்றும் இல்லாதவரிடம் லெவல் 20க்கு மேல் வந்து சேர்ந்தது சொன்ன பேச்சைக் கேட்காது. ஏழாவது வரை பேட்ஜ் ஒவ்வொன்றுக்கும் அந்த வரம்பு 5 லெவல் உயரும். புதிதாக ஆரம்பித்தவருக்கு லெவல் 100 பரிசளிப்பதில் பயனில்லை; முட்டையிலிருந்து வந்த லெவல் 1 கொடுங்கள்.

குறை ஒன்று உண்டு. லெஜண்ட்ஸ் ஆர்சியூஸ் என்ற இன்னொரு போகிமான் கேமில் லிங்கிங் கார்ட் என்ற பொருளாலேயே ஹாண்டரை கெங்கார் ஆக்கலாம். இங்கே அது இல்லை. கெங்காருக்காக ஹாண்டரை நம்பி அனுப்பி, திருப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்; எதிராளி இணைப்பைத் துண்டித்தால் போனது போனதுதான். இரு பக்கமும் லாபமுள்ள டிரேடுக்கு யாரும் சலிப்பதில்லை, இதற்குச் சலிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரோடு செய்தால் ஆன்லைன் சந்தாவும் வேண்டாம், இந்தப் பயமும் வேண்டாம்.