லட்சம் பவுண்டு துப்பாக்கியில சுட்டுப் பாத்தேன்

இங்கிலாந்துல க்ளே ஷூட்டிங் மைதானம் ஒண்ணுக்கு கூட வேலை பாக்குறவர் கூட்டிட்டுப் போனாரு. மெஷின் ஒரு சின்னத் தட்டை வானத்துல வீசும், பறக்கும்போதே அத உடைக்கணும், அவ்ளோதான் ஆட்டம். அவரு கார் டிக்கியில இருந்து ஒரு தோல் பெட்டிய எடுத்தாரு, உள்ள 1930கள்ல பர்டிங்கிற லண்டன் கம்பெனி செஞ்ச துப்பாக்கி, 12 போர் (அது குழலோட அளவு), குழல் ரெண்டும் பக்கம் பக்கமா இருக்குற மாடல், அவங்க தாத்தா தனக்குன்னு அளவு குடுத்து செஞ்சது. இதே மாதிரி இன்னிக்கு புதுசா வேணும்னா ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல, வரி தனி, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் காத்திருக்கணும்னாரு. பகல் கொள்ளைன்னுதான் முதல்ல தோணுச்சு.

கையில வாங்குனதும் கொஞ்சம் தடுமாறிட்டேன். 3 கிலோ கிட்ட இருக்கும், ஆனா அந்த எடை முழுக்க ரெண்டு கைக்கும் நடுவுல உக்காந்திருக்கறதால தூக்குறப்போ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. லீவரைத் தள்ளுனா துப்பாக்கி தானா விரியுது, மூடும்போதுதான் அழுத்தணும். ஃப்ரெடரிக் பீஸ்லின்னு ஒருத்தர் 1880ல பேட்டன்ட் எடுத்து பர்டிக்கு வித்த டிசைன் அது, குழல் பக்கம் பக்கமா இருக்குற அவங்க மாடல்ல இன்னிக்கும் அதேதான் ஓடுது.

சரி, காசு எங்க போகுது? நகைக்கடை பாஷையில சொன்னா இதுல தங்கம் கம்மி, செய்கூலி சேதாரம்தான் எல்லாமே. ஒரு துப்பாக்கிக்கு 700 மணி நேரத்துக்கு மேல கை வேலை, அதாவது வாரம் 40 மணி நேரம்னு வச்சாலும் ஒரு ஆளோட நாலு மாசம், அதுவும் ஒரே ஆள் இல்ல, குழலுக்கு ஒருத்தர், ஆக்‌ஷனுக்கு (திறந்து மூடி சுடுற மெக்கானிசம்) ஒருத்தர், தோள்ல வைக்குற மரக் கட்டைக்கு ஒருத்தர், செதுக்கு வேலைக்கு ஒருத்தர்னு தனித்தனியா வருஷக்கணக்குல தொழில் கத்துக்கிட்டவங்க. இப்போ ஆரம்ப வேலைய கம்ப்யூட்டர் மெஷின் வெட்டிக் குடுத்துடுது, கடைசி மயிரிழைதான் கைக்கு வருது, அந்த மயிரிழைக்குத்தான் விலையே. எப்படின்னா, விளக்குப் புகையில படியுற கரிய (நம்ம மை தயாரிக்கிற அதே சமாச்சாரம்) ஒரு பாகத்துல தடவி இன்னொண்ணோட சேத்து மூடுவாங்க, எங்க கரி ஒட்டுதோ அங்க மட்டும் அரத்தால லேசா ராவுவாங்க, திரும்ப தடவி, திரும்ப மூடி, எல்லா இடத்துலயும் சமமா கரி படியுற வரைக்கும் இதே வேலைதான். மூடுன பிறகு அந்த இணைப்புல நகம் கூட மாட்டல, நானே தடவிப் பாத்தேன்.

சேதாரம் கட்டையில இருக்கு. நல்ல வால்நட், பெரும்பாலும் துருக்கிப் பக்கத்து மரம், வருஷக்கணக்குல காய வச்சது, கட்டை மட்டுமே ஆயிரக்கணக்குல பவுண்டு. பாதி செதுக்குனப்புறம் உள்ள ஒரு விரிசல் தெரிஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற கட்டைதான்.

இரும்பு மேல போடுற செதுக்கு வேலை பத்தி என் கருத்து வேற. பர்டியோட அந்த சின்ன ரோஜா, சுருள் கொடி அழகுதான், மறுக்கல. ஆனா இத்தாலியில கார்தோனே பக்கம் புள்ளி புள்ளியா குத்தி போட்டோ மாதிரியே பறவை வரையறாங்க, அதுக்குன்னே நூத்துக்கணக்கான மணி நேரம் போகுது, அது துப்பாக்கிக்கு குடுக்குற காசு இல்ல, ஓவியத்துக்கு குடுக்குற காசு. பர்டிங்கிற பிராண்ட் பேருக்கு குடுக்குறதும் அதே கணக்குதான்.

இப்போ சுட்ட கதை. 25 தட்டுல 9 உடைச்சேன். மைதானத்துல வாடகைக்கு குடுத்த சாதாரண ஃபேக்டரி பெரெட்டாவுல 16. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. தாத்தா ஆறடி ஆளு, வலது கைக்காரர், கட்டை அவரு கை நீளத்துக்கு, அவரு கன்னத்துக்கு, அவரு கண்ணு குழலுக்கு நேரா வரணும்னு லேசா வலது பக்கம் வளைச்சு செஞ்சது. நான் குள்ளம், அதுவும் இடது கை. கன்னத்துல இடிச்ச இடம் ரெண்டு நாள் வலிச்சுச்சு. ஆர்டர் குடுக்குறப்போ எல்லாப் பக்கமும் திருகி மாத்துற மாதிரி ஒரு டம்மி துப்பாக்கிய வச்சு தையக்காரர் மாதிரி அளவு எடுப்பாங்களாம், அந்த அளவுக்குத்தான் பாதி மரியாதை, இன்னொருத்தர் சட்டைய போட்டுக்கிட்டு தையல் சரியில்லைன்னு நான் சொல்லக் கூடாது.

அப்போ வாங்கலாமா? தட்டு உடைக்கத்தான்னா வேண்டவே வேண்டாம், அதிகமா ஸ்கோர் வராது. கைவேலைதான் வேணும்னா ஸ்பெயின்ல ஐபார் ஊர்ல ஏஒய்ஏங்கிற கம்பெனி செஞ்ச துப்பாக்கி இருக்கு, அவங்க சைடுலாக் மாடல் (சுடுற மெக்கானிசம் பக்கத் தகடுல இருக்கும்) ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்ங்கிற லண்டன் கம்பெனி டிசைனப் பாத்து செஞ்சது, விலை எவ்வளவோ கம்மி. பழைய லண்டன் துப்பாக்கி ஏலத்துல புதுசோட விலையில ஒரு சின்னப் பங்குக்கே கிடைக்குது, ஆனா குழலோட தடிமன அளந்து பாக்காம, ப்ரூஃப் முத்திரை (குழல் வெடி அழுத்தத்தத் தாங்குதான்னு சோதிச்சு குத்துறது) சரியா இருக்கான்னு பாக்காம கைய வச்சுடாதீங்க, உள்ள தேய்ச்சுத் தேய்ச்சு தகடா போயிருக்கும்.

கிளம்பும்போது அவரே சொன்னாரு, கட்டைய சூடான எண்ணெய் விட்டு பதமாக்கி இடது பக்கம் வளைச்சுடலாம், உனக்கும் பொருந்தும்னு. தாத்தாவோட துப்பாக்கிய எனக்காக வளைங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல, தொடச்சு பெட்டியில வச்சுட்டு வந்துட்டேன்.