விஎஸ் கோட், நியோவிம், ஹீலிக்ஸ்: மணிக்கட்டு வலி தேர்ந்தெடுத்த எடிட்டர்

என் வேலை புதிய நிரல் எழுதுவது அல்ல. பிறர் எழுதிவைத்துவிட்டுப் போன நிரலைப் படித்துப் பிழை நீக்குவது. ஒரு நாளில் நானாக எழுதும் வரிகள் 40 தேறினால் அதிகம். படிப்பதும், தேடுவதும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவதும்தான் மீதி நேரமெல்லாம். வலது மணிக்கட்டில் வலி தொடங்கியபோது, கை எங்கே உழைக்கிறது என்று இரண்டு நாள் கவனித்தேன். தட்டச்சில் அல்ல. மவுஸுக்கும் விசைப்பலகைக்கும் இடையே ஓயாமல் போய்வருவதில்தான் அது தேய்ந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லை இருமுறை சொடுக்கித் தேர்வது, அடைப்புக்குறிக்குள் இருப்பதை இழுத்துப் பிடித்து அழிப்பது போன்ற சின்னச் சின்ன வேலைகள், நூற்றுக்கணக்கான முறை.

ஆகவே நிரலைப் படிக்கவும் திருத்தவும் உதவும் மூன்று எடிட்டர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று வாரம், பைத்தான் மொழியில் எழுதப்பட்ட அதே பழைய திட்டத்தில் வேலை செய்தேன். இமாக்ஸ் என்ற பழைய எடிட்டரை இதில் சேர்க்கவில்லை. அதை மூன்று வாரத்தில் எடைபோடுவது அதற்குச் செய்யும் அநீதி.

விஎஸ் கோட் எனக்குப் பழகிய வீடு. அதைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. 2015இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய இந்த எடிட்டர்தான், 2016இல் 'லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்' என்ற பொது ஏற்பாட்டை உலகுக்குத் தந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போது ஒரு மொழிக்கு ஒரு 'லாங்குவேஜ் சர்வர்', அதாவது அந்த மொழியைப் புரிந்து பதில் சொல்லும் துணைநிரல், எழுதிவிட்டால் இந்த ஏற்பாட்டை ஏற்ற எல்லா எடிட்டர்களும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. 'இந்தச் செயற்கூறு (function) எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது?' என்ற கேள்விக்கு நான் சோதித்த மூன்றுமே ஒரே பதிலைத் தந்ததற்குக் காரணம் இதுதான். எந்த எடிட்டர் அதிகம் அறிந்தது என்ற பழைய வாதத்துக்கு இதனால் பெரும்பாலும் பொருளில்லாமல் போய்விட்டது. எந்த எடிட்டர் கைக்கு இசைகிறது என்பதே எனக்கு மிஞ்சிய கேள்வி.

விஎஸ் கோட்டின் டீபக்கர் (நிரலைப் படிப்படியாக ஓட்டிப் பிழை தேடும் கருவி) அருமையானது. அதில் மற்ற இரண்டும் அதன் அருகில் வரவில்லை. உலாவித் தொழில்நுட்பத்தைக் கொண்டு செயலிகள் கட்ட உதவும் எலெக்ட்ரான் மேல் கட்டப்பட்டிருப்பதால், திறக்கும்போதே ஒரு உலாவியின் எடையையும் கூடவே கொண்டுவருகிறது. மிகப் பெரிய கோப்பைத் திறந்தால் வண்ணம் தீட்டுவது போன்ற வசதிகளைத் தானே நிறுத்திக்கொள்ளும். என் கணினிக்கு அந்த எடை ஒரு பொருட்டல்ல. மவுஸைத் தொடாமலும் இதில் வேலை செய்யலாம், ஆனால் கட்டளைகளுக்குள் ஓர் ஒழுங்கு கிடையாது. கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் என்று இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நோகும் மணிக்கட்டுக்கு அதுவும் ஒரு சுமையே.

அடுத்து நியோவிம். இதன் பரம்பரை நீளமானது. பில் ஜாய் என்பவர் 1976இல் விஐ என்ற எடிட்டரை எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினலில், அதாவது திரையும் விசைப்பலகையும் கொண்ட பழைய கணினி முனையத்தில், ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்றும் அந்த நான்கு விசைகள்தான் கர்சரை நகர்த்துகின்றன. பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம் அதை வளர்த்தது. 2014இல் அதிலிருந்து பிரிந்தது நியோவிம். இந்தக் குடும்பத்தின் பெருமை அதன் இலக்கணம். எழுதும் நிலை, கட்டளை நிலை என்று இதில் தனித்தனி நிலைகள் உண்டு; எஸ்கேப் அழுத்திக் கட்டளை நிலைக்கு வந்தால் எழுத்து விசைகளே கட்டளைகளாகும். 'டி' என்றால் அழி. 'ஐ டபிள்யூ' என்றால் இந்தச் சொல்லை. இரண்டையும் சேர்த்தால் ஒரு வாக்கியம். வினைகள் பத்து, பெயர்கள் பத்து தெரிந்தால் நூறு கட்டளைகள் தெரிந்ததாக ஆகும். எதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விசையாகத் தட்டிச் செல்லலாம். முதல் வாரம் முழுவதும் திணறினேன், லுவா என்ற நிரல்மொழியில் அமைப்புக் கோப்பு எழுதுவதிலேயே இரண்டு மாலைகள் போயின. ஆனால் பத்தாம் நாளில் கை மவுஸைத் தேடவில்லை.

ஆனாலும் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. அழித்த பிறகுதான் எதை அழித்தேன் என்று தெரிகிறது. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி என்று நான்கு அடுக்குகள் உள்ள வரியில், நான் நினைத்த எல்லை ஒன்று, எடிட்டர் எடுத்துக்கொண்ட எல்லை இன்னொன்று. முதலில் 'வி' அழுத்தித் தேர்ந்துவிட்டுப் பிறகு அழிக்கும் வழியும் விம்மில் உண்டு. ஆனால் அது ஒரு விசை கூடுதல். விம்மின் இயல்பான நடையும் அது அல்ல.

மூன்றாவதாக ஹீலிக்ஸைத் திறந்தபோதுதான் அந்த உறுத்தலின் காரணம் புரிந்தது. விம் 'அழி, இந்தச் சொல்லை' என்கிறது. ஹீலிக்ஸ் 'இந்தச் சொல்லை அழி' என்கிறது. பெயர் முதலில், வினை கடைசியில். நாம் பேசும் வரிசை அது. கக்கூன் என்ற எடிட்டரிடமிருந்து அதை ஹீலிக்ஸ் எடுத்துக்கொண்டது. தமிழில் யோசிக்கும் எனக்கு அது உடனே படிந்தது. எதைத் தேர்ந்திருக்கிறேன் என்று திரையில் கண்ணால் பார்த்த பிறகே 'டி' அழுத்துகிறேன்.

இதன் உண்மையான பயன் ஒரு மாறியின் (variable) பெயரைப் பல இடங்களில் மாற்றும்போது தெரிந்தது. கோப்பு முழுவதையும் சதவீதக் குறியால் தேர்ந்து, 'எஸ்' அழுத்திப் பழைய பெயரை எழுதி என்டர் தட்டினால், அது வரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கர்சர் நிற்கும். 'சி' அழுத்திப் புதிய பெயரை எழுதினால் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் மாறும். என் திட்டத்தில் ஒரே பெயர் மேற்கோளுக்குள் வெறும் உரையாகவும், வெளியே மாறியாகவும் வந்தது. மாற்றுவதற்கு முன்பே 23 இடங்கள் திரையில் தெரிந்ததால், அவற்றில் தொடக்கூடாத நான்கை விலக்க முடிந்தது. பிறர் நிரலில் கைவைப்பவருக்கு இந்த முன்பார்வை பெரிய பாதுகாப்பு.

அமைப்புக் கோப்பு இல்லாமலே ஹீலிக்ஸ் இயங்கும். லாங்குவேஜ் சர்வரைத் தனியே நிறுவினால் போதும், அதுவே கண்டுகொள்கிறது. செருகுநிரல் வசதி இன்னும் கிடையாது. உள்ளே இருப்பதைக் கொண்டுதான் வாழ வேண்டும். டீபக்கர் சோதனை நிலையிலேயே இருக்கிறது. சிக்கலான பிழையைத் துரத்தும் நாளில் நான் விஎஸ் கோட்டுக்குத்தான் போகிறேன்.

தமிழ் எழுத்துகள் உள்ள கோப்புகளுக்கும் அப்படியே. இதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 'கெ' என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது. யூனிகோடிலோ அது 'க'வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. இடம் மாற்றிச் சரியாக வரைவது திரையில் காட்டும் மென்பொருளின் பொறுப்பு. பல டெர்மினல்கள் (இன்று இவை கட்டளைகளைத் தட்டும் எழுத்துச் சாளரங்கள்) அதைச் செய்வதில்லை. நியோவிம்மும் ஹீலிக்ஸும் டெர்மினலுக்குள் வாழ்பவை. ஆகவே கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி, கர்சர் நிற்கும் இடமும் திரையில் தெரியும் இடமும் பொருந்தாமல் போகலாம். தமிழ்ச் செய்திகள் நிறைந்த மொழிபெயர்ப்புக் கோப்பை அவற்றில் திருத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது போன்றது. தமிழ் விசைப்பலகை இயங்கும்போது இவற்றின் கட்டளை விசைகளும் வேலை செய்யா. விம்மில் 'கீமேப்' என்றொரு வசதி இதற்காகவே இருக்கிறது. எழுதும் நிலையில் மட்டும் இயங்கி, எஸ்கேப் அழுத்தியதும் விலகிக்கொள்ளும். நாள் முழுவதும் தமிழ் உரையோடு புழங்குபவர் விஎஸ் கோட்டிலேயே இருப்பது நல்லது.

இப்போது என் கணினியில் நிரல் வேலை பெரும்பாலும் ஹீலிக்ஸில் நடக்கிறது. வலி முற்றிலும் போகவில்லை; மாலையில் கையை உதறிக்கொள்ளும் தேவை மட்டும் நன்றாகக் குறைந்திருக்கிறது. தொடங்க விரும்புபவர்கள் அதனுடன் வரும் பயிற்சிக் கோப்பை முதலில் முடித்துவிடுங்கள். ஏற்கெனவே விம் பழகியவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹீலிக்ஸில் 'எக்ஸ்' ஒரு வரியைத் தேரும். விம்மில் அதே விசை ஓர் எழுத்தை அழிக்கும். தொலைவிலுள்ள சர்வர் கணினிகளில் கிடைப்பது பெரும்பாலும் விஐ அல்லது விம்தான். அங்கே ஒரு கோப்பைத் திறந்ததும் விரல்களை விசைகளிலிருந்து எடுத்துவிட்டு, எந்த எடிட்டரில் இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்ட பிறகே முதல் விசையைத் தொடுகிறேன்.