டி.எம்.சி.பி. பிளேட்: வெல்டருக்கு வரம், ஃபிட்டருக்குத் தலைவலி

"எல்லாமே 36 தானே, ஏ.எச். ஸ்டாக்கில் இருக்கும்போது இ.எச்.சுக்கு எதற்கு அதிக விலை?" கப்பல் கட்டும் எஃகு பிளேட்டின் ஏ.எச். 36, டி.எச். 36, இ.எச். 36 கிரேடுகளைப் பற்றி நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. பதில் சின்னது. எண் வலிமையைச் சொல்கிறது, எழுத்து குளிரைச் சொல்கிறது. ஈல்ட், அதாவது எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம், மூன்றுக்கும் 355 மெகாபாஸ்கல்தான். 50 மி.மீ. தடிமன் வரை நீளவாக்கு இம்பாக்ட் (அடித்து உடைக்கும்) சோதனையில் 34 ஜூல் வர வேண்டும், ஏ.எச். அதை 0 டிகிரியில் காட்டினால் போதும், டி.எச். மைனஸ் 20-இல், இ.எச். மைனஸ் 40-இல். டிராயிங்கில் இ.எச். என்றிருக்கும் இடத்தில் ஏ.எச்.சைப் போட்டுவிட்டு, கப்பலைச் சோதித்து ஒப்புதல் தரும் சர்வேயரிடம் கெஞ்சிப் பயனில்லை. ஏ.எச். இடத்தில் இ.எச்.சைப் போட்டால் அவருக்கு ஆட்சேபம் இருக்காது, செலவுதான் ஏறும்.

உண்மையான வித்தியாசம் மில் சர்ட்டிபிகேட்டில் பலர் பார்க்காமல் விடும் ஒரு கட்டத்தில் இருக்கிறது: டெலிவரி கண்டிஷன், அதாவது பிளேட்டை மில்லில் எப்படிப் பக்குவப்படுத்தினார்கள் என்பது. அதே இ.எச். 36, நார்மலைஸ்டாகவும் (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டது) வரும், டி.எம்.சி.பி.யாகவும் (தெர்மோ மெக்கானிக்கல் கன்ட்ரோல்டு ப்ராசஸ்) வரும். முதல் வகைக்கு வலிமை பெரும்பாலும் கார்பன், மாங்கனீஸ், கலப்புகளிலிருந்து வருகிறது. இரண்டாவதற்கு ரோலிங் வெப்பநிலையையும் குளிரவைக்கும் வேகத்தையும் கட்டுப்படுத்தியே வலிமை ஏற்றுகிறார்கள். அதனால் கார்பன் ஈக்விவலன்ட் (கார்பனையும் கலப்புகளையும் சேர்த்து எடைபோடும் எண்) குறைவு. டி.எம்.சி.பி. 36-க்கு 50 மி.மீ. வரை விதியே 0.38-க்கு மேல் போகவிடாது.

வெல்டிங்கில் இறங்கினால் இதன் அருமை தெரியும். வெல்டை ஒட்டிய பகுதி அவ்வளவு கடினமாகாது, ஹைட்ரஜன் கிராக் பயம் குறையும், தடித்த ஜாயின்ட்டிலும் பிரீஹீட் (வெல்டுக்கு முன் சூடேற்றுவது) வெகுவாகக் குறையும். அதற்காக 7018 வெல்டிங் ராடை நவம்பர் மழையில் டப்பா திறந்தபடி போட்டு ஈரம் ஏற விடலாம் என்று அர்த்தமில்லை. தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் அடுப்பில் உலர்த்தி, கையில் சூடான குவிவரோடுதான் (ராடைச் சூடாக வைக்கும் கலன்) வெல்டர் போக வேண்டும்.

இனி வயிற்றெரிச்சல். இந்த பிளேட்டை நீளமான ஸ்டிஃப்னர் (தகடு விறைப்பாக நிற்கப் பற்றவைப்பது) பட்டைகளாக வெட்டிப் பாருங்கள். மேசையில் தட்டையாகக் கிடந்தது, டார்ச் தாண்டியதும் பக்கவாட்டில் வாழைப்பழமாக வளையும். அவசரமாகக் குளிர்ந்தபோது உள்ளே சிக்கிய இழுவிசை, விளிம்பு விடுபட்டதும் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. சர்ட்டிபிகேட்டில் இதற்கு ஒரு வரி இருக்காது. மில்லிடம் கேட்டால் பிளேட்டின் தட்டைத்தன்மை அளவுக்குள்தான் இருக்கிறது என்பார்கள். அது உண்மைதான், அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

சமாளிக்க வழி உண்டு. முதலில் மில் விளிம்பை இரண்டு பக்கமும் சீவுங்கள். பட்டையின் இரு ஓரத்தையும் இரண்டு டார்ச்சில் ஒரே நேரத்தில் வெட்டுங்கள். இடையிடையே சிறு பாலங்கள் விட்டு, முழுக்க ஆறிய பிறகு அறுங்கள். மீறி வளைந்தால் சூடு காட்டி நிமிர்த்தலாம், ஆனால் டெம்பரேச்சர் சாக் (சூட்டைக் காட்டும் சுண்ணக்கட்டி) இல்லாமல் கை வைக்காதீர்கள். டி.எம்.சி.பி. இ.எச். 36-க்கு கப்பல் வகைப்பாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான ஐ.ஏ.சி.எஸ்.சின் பரிந்துரை 47 சொல்லும் மேல்வரம்பு 900 டிகிரி. ஹாட் ஃபார்மிங் (பழுக்கச் சூடாக்கி வடிவம் வளைப்பது) வேண்டவே வேண்டாம்: ரோலிங்கில் ஏறிய வலிமை இறங்கினால் யார்டில் திரும்ப ஏற்ற முடியாது. நார்மலைஸ்டை மறுபடி நார்மலைஸ் செய்து மீட்கலாம்.

ஆஃப்ஷோர் ஜாக்கெட்டுக்கு (கடலில் எண்ணெய் மேடையைத் தாங்கும் சட்டகம்) எஸ்355ஜி8+எம் என்ற கிரேடைக் கேட்பார்கள். ஈல்டில் அதே 355 வகையறாதான். ஆனால் வெல்டு பகுதியில் விரிசல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் சி.டி.ஓ.டி. சோதனையும், குழாய்கள் சந்திக்கும் நோடுகளுக்கு தடிமன்வாக்கில் இழுத்துப் பார்க்கும் இசட்35-உம் சேர்ந்தே வரும். அந்தக் காசு வீணில்லை.

"அப்படியானால் ஈல்ட் 690 வகைக்கே போய்விடலாமே?" ஜாக்-அப் ரிக் (கடலடியில் கால் ஊன்றித் தன்னை உயர்த்திக்கொள்ளும் துளையிடும் மேடை) கால்களுக்குப் போகலாம். மற்ற இடங்களில் வெல்டு செய்த ஜாயின்ட்டின் ஃபெட்டீக் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் விடுவது) ஆயுள் கிரேடு உயர்ந்ததால் நீளாது; விறைப்பும் அப்படியேதான், அதனால் மெலிந்த பிளேட் சீக்கிரம் பக்கிள் ஆகும், அதாவது அமுக்கத்தில் மடங்கும். 1980 மார்ச் 27-இல் வட கடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். ஃபெட்டீக் விரிசலின் தொடக்கம் ஒரு ஹைட்ரோபோன் (நீரடி ஒலிவாங்கி) தாங்கியின் 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டில்.

தடித்த பிளேட்டுக்கு டி.எம்.சி.பி.யை அடிக்க ஆளில்லை, பத்துக்கு ஒன்பது தரலாம். இருந்தும் அடுத்த ஆர்டரில் 12.5 மி.மீ. வரையிலான ஸ்டிஃப்னருக்கு, டிராயிங் இடம் கொடுத்தால், சாதாரணமாக ரோல் செய்த ஏ.எச். 36 என்றுதான் எழுதுவேன். ஃபிட்டர்களின் திட்டு கேட்டு மாளவில்லை.