மில்லிமீட்டர் அலை ரேடியோமீட்டர்: பல பருவப் பயன்பாட்டுக்குப் பின்

வளிமண்டலத்தின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் உயரவாரியாக அளப்பதற்காக, 22 முதல் 31 கிகாஹெர்ட்ஸ் வரையிலும் 51 முதல் 58 கிகாஹெர்ட்ஸ் வரையிலும் இயங்கும் ரேடியோமீட்டர் (காற்று தானாக உமிழும் நுண்ணலைகளை அளக்கும் கருவி) ஒன்றைப் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இத்தகைய கருவிகளின் விவரக்குறிப்பில் முதலில் கண்ணில் படுவது இரைச்சல் அளவுதான். மொத்த இரைச்சல் வெப்பநிலை (இரைச்சலின் ஆற்றலை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு) 500 கெல்வின், அலைப்பட்டை அகலம் 200 மெகாஹெர்ட்ஸ் எனக் கொண்டால், ஒரு நொடிச் சராசரியில் 0.035 கெல்வின் வேறுபாட்டையும் கண்டறியலாம் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் ஏற்பி (சமிக்ஞையை வாங்கிப் பெருக்கும் பகுதி) தரும் பெருக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 0.5 கெல்வின் பிழை வந்துவிடும். ஆகவே, இரைச்சல் இன்னும் குறைந்த பெருக்கிக்குச் செலவிடுவதைவிட, ஏற்பிப் பெட்டியின் வெப்பநிலையை அசையாமல் காக்கும் அமைப்புக்குச் செலவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

இந்த நகர்வை அடக்க, ஏற்பியை ஆன்டெனாவுக்கும் வெப்பநிலை தெரிந்த ஒரு சுமைக்கும் (ஒப்பீட்டுக்கான மின்தடைக்கும்) இடையே விரைந்து மாற்றும் முறையை ராபர்ட் டிக்கி 1946-இல் வெளியிட்டார். பாதி நேரமே வானத்தைப் பார்ப்பதாலும், சுமையின் அளவைக் கழிக்கும்போது அதன் இரைச்சலும் சேர்ந்துவிடுவதாலும் அதில் உணர்திறன் பாதியாகிவிடும். எங்கள் கருவி, தெரிந்த அளவு இரைச்சலை உண்டாக்கும் இரைச்சல் டையோடின் சமிக்ஞையை இடையிடையே செலுத்திப் பெருக்கத்தைச் சரிபார்க்கிறது. டையோடும் மெல்ல மாறக்கூடியது என்பதால் திரவ நைட்ரஜனில் குளிர்வித்த, வெப்பநிலை தெரிந்த இலக்கைக் கருவிக்குக் காட்டிச் செய்யும் அளவுத்திருத்தத்தைத் தவிர்க்க இயலாது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது அங்கேதான். நைட்ரஜன் 77.4 கெல்வினில் கொதிக்கும் என்பது கடல்மட்ட அழுத்தத்துக்கே பொருந்தும். பாரமானியைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். ஈரமான காலையில், நைட்ரஜன் நிரப்பிய தெர்மோகோல் பெட்டியின், ஆன்டெனா பார்க்கும் அடிப்புறத்தில் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும். அதைத் துடைக்காமல் எடுத்த அளவு பயன்படாது. தெர்மோகோலுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான ஆற்றல் எதிரொளிப்பதே ஏறத்தாழ 2 கெல்வினைக் கூட்டிவிடும் என்பதால், அதற்கான திருத்தம் மென்பொருளில் உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

இந்த அளவுத்திருத்தப் பிழை 58 கிகாஹெர்ட்ஸில் தென்படாது. ஆக்சிஜனின் உறிஞ்சல் அங்கு மிக வலுவாக இருப்பதால், கருவி அருகிலுள்ள காற்றின் வெப்பநிலையையே ஏறக்குறையக் காட்டும். வானம் ஓரளவு ஊடுருவித் தெரியும் 51 முதல் 53 கிகாஹெர்ட்ஸ் வரையில்தான் அது வெளிப்படும். மேகமற்ற நாளில் ரேடியோசோண்டு பலூன் (வானிலை உணரிகளைச் சுமந்து மேலேறும் பலூன்) தரும் அளவுகளிலிருந்து கணக்கிட்ட மதிப்புகளோடு அந்த அலைவரிசைகளை ஒப்பிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

மழையில் ரேடோம் (ஆன்டெனாவை மூடும், அலைகள் ஊடுருவும் உறை) நனைந்தால் அளவுகள் உயர்ந்துவிடும். அதை உலர்த்தக் காற்றூதி இருந்தாலும் அந்நேரத் தரவை நான் எடுத்துக்கொள்வதில்லை. ரேடோமின் நீர்விலக்கும் பூச்சு வெயிலில் தேயக்கூடியது என்பதால், ரேடோமை எளிதில் கழற்றி மாற்ற முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெளிவுபெறுவது நல்லது.