அறுகோணக் குவில்ட்: காகிதம் வைத்துத் தைப்பதா, கோடு போட்டுத் தைப்பதா?

குவில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வைக்கு அறுகோணத் துண்டுகளைக் கையால் இணைக்க இரண்டு முறைகள் பரவலாக இருக்கின்றன. முதலாவதில் ஒவ்வொரு துண்டையும் காகித அறுகோணத்தின் மேல் மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சுற்றித் தைக்கிறோம். இதற்கு இங்கிலீஷ் பேப்பர் பீசிங் என்று பெயர், சுருக்கமாக இ.பி.பி. இரண்டாவதில் துணியின் பின்புறம் தையல் கோடு வரைந்து, நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து ஓட்டத் தையல் போடுகிறோம். எது சுலபம் என்று கேட்டு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் மேல்துணியோடு நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கான பேட்டிங்கும் அடித்துணியும் சேர்த்துத் தைக்கும்போது, அதாவது குவில்டிங் செய்யும்போது, ஊசி எங்கே போகும் என்பதைப் பாதிக்குமேல் முடிவுசெய்வது இந்தத் தேர்வுதான். அதனால் குவில்டிங் டிசைனை முதலில் பென்சிலால் வரைந்துகொண்டு, பிறகு இணைப்பு முறையைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை.

காகித முறை பழையது. பிரிட்டனில் குவில்டர்ஸ் கில்ட் என்ற சங்கத்தின் சேகரிப்பில் உள்ள, 1718 என்று ஆண்டு பொறித்த பட்டுப் போர்வை காகிதம் வைத்துத் தைத்ததுதான். வழுக்கும் பட்டுத் துணியை அடக்கக் காகிதம் உதவியது. இன்றைக்கும் அதன் பெரிய பலம் அதுவே. அமெரிக்காவில் 1930-களில் 'கிராண்ட்மதர்ஸ் ஃப்ளவர் கார்டன்' என்ற பெயரில் வீடுவீடாகப் பரவிய அறுகோணக் குவில்ட்களுக்கு இரண்டு முறையும் பயன்பட்டன.

கணக்கு என்ன சொல்கிறது?

பக்கம் 1 அங்குலம் உள்ள அறுகோணத்தின் பரப்பு ஏறக்குறைய 2.6 சதுர அங்குலம். 60×80 அங்குலப் போர்வைக்குச் சுமார் 1,850 துண்டுகள் வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு துண்டுகள் பகிர்ந்துகொள்வதால், தைக்க வேண்டிய இணைப்புகள் 5,500-ஐ ஒட்டி வரும். காகித முறையில் அங்குலத்துக்கு 16 தையல் என்றால் மொத்தம் 88,000. ஓட்டத் தையலில் அங்குலத்துக்கு 8 முதல் 10 போதும், அதிகபட்சம் 55,000. காகிதத்தில் துணியை மடித்து நிறுத்தும் வேலை இதற்கு வெளியே, 1,850 முறை. வேகம் மட்டும் வேண்டுமென்றால் ஓட்டத் தையலே ஜெயிக்கும்.

காகிதம்

2½ அங்குலச் சதுரமாகத் துணியை வெட்டினால் 1 அங்குல அறுகோணத்துக்குச் சரியாக இருக்கும். சதுரத்தின் மூலைகளை மட்டும் நறுக்கிவிடுங்கள். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாள் மடிப்பின் அழுத்தத்தில் வளைந்து அளவு குறையும். 120 முதல் 160 வரை உள்ள தாள் விறைப்பாக நிற்கும், இரண்டு மூன்று முறை திரும்பவும் பயன்படும். மடிப்பை நிறுத்த நூல், பசை என்று இரண்டு வழி. நூலால் என்றால் காகிதத்தைத் துளைக்காமல் பின்புற மூலை மடிப்புகளை மட்டும் பிடித்துத் தைக்கலாம், பிறகு அதைப் பிரிக்கவே தேவையில்லை. பசைக் குச்சி வேகமானது. ஆனால் காகிதத்தின் ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே தள்ளி மெல்லிய கோடாக மட்டும் தடவ வேண்டும். ஓரம் வரை தடவினால் இணைக்கும்போது ஊசி பசைக்குள் மாட்டும், காகிதத்தை எடுக்கும்போது கிழியும்.

தைக்க 11-ஆம் எண் ஸ்ட்ரா ஊசியும் 60 கவுண்ட் மெல்லிய நூலும் போதும். ஊசி மடிப்பின் ஓரத்தில் ஓரிரு இழைகளை மட்டுமே பிடிக்க வேண்டும். நல்ல பக்கத்தில் தையல் பற்களாகத் தெரிகிறதா? ஊசி ஆழமாகப் பிடித்திருக்கும், அல்லது நூலைச் சுருக்கென்று இழுத்திருப்பீர்கள். நூலின் நிறம் ஒத்துப்போகாததும் காட்டிக்கொடுக்கும். மூன்று துண்டுகள் சேரும் புள்ளியில் ஓட்டை விழுந்தால், தையல் மூலை வரை போகாமல் கொஞ்சம் தள்ளியே தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். மூலைக்கு அரைக்கால் அங்குலம் இப்பால் தொடங்கி, மூலை வரை போய், திரும்பி வந்தால் அது நடக்காது. ஆறு பக்கமும் தைத்து முடிந்த துண்டிலிருந்து மட்டுமே காகிதத்தை எடுக்க வேண்டும்.

கோடு

இங்கே கோடு வரைய வைக்கும் அட்டை அறுகோணத்தின் அளவே தைத்து முடிந்த அளவு. துணிக்கு அடியில் உப்புத்தாள் வைத்தால் வரையும்போது துணி நகராது. கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டுக் கண்ணளவாக வெட்டலாம், ஏனென்றால் நாம் பின்பற்றுவது கோட்டையே, வெட்டிய ஓரத்தை அல்ல. பென்சில் அட்டையை ஒட்டி ஓடும்போது ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் பெருகினால், துண்டுக்கு 1 மில்லிமீட்டர். குறுக்கே 35 துண்டுகள் வரும் வரிசையில் அது ஏறக்குறைய 1.4 அங்குலம். எல்லாத் துண்டும் ஒரே மாதிரி பெருகினால் போர்வை சற்றுப் பெரிதாகும், அவ்வளவுதான். இரண்டு பேர் இரண்டு விதமாக வரைந்த துண்டுகளைக் கலந்தால்தான் மூலைகள் ஒட்டாது.

இரண்டு மூலைகளிலும் குண்டூசி குத்தி, மூலைப் புள்ளியில் ஒரு பின் தையலோடு தொடங்கி, ஊசியில் நாலைந்து தையல் ஏற்றி இழுக்க வேண்டும். இழுக்கும் முன் திருப்பிப் பார்த்து, பின்துணியின் கோட்டிலும் ஊசி போகிறதா என்று சரிபாருங்கள். 10-ஆம் எண் ஷார்ப்ஸ் ஊசி இதற்கு ஏற்றது. அடுத்த மூலைப் புள்ளியில் நிறுத்திவிட வேண்டும். தையலுக்கு விட்ட துணிக்குள் ஒரு தையல் நுழைந்தாலும் மூன்றாவது துண்டு திரும்பாமல் சுருங்கும். துணியின் நேரிழையோடு இரண்டு பக்கம்தான் ஒத்துப்போகும், மீதி நாலும் கிராஸாக இழுபடும். அதைப் பிடித்துவைக்க இந்த முறையில் காகிதம் இல்லை, ஆகவே தேய்க்கும்போது பெட்டியைத் தள்ளாமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும்.

பின்பக்கத்தை ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு மூலையில் மூன்று இணைப்பையும் வலமாகச் சுழற்றி மடித்தால், நடுவில் விரல் நுனி அளவு முக்கோணம் விரிந்து தட்டையாக அமரும். அடுத்த மூலையில் அதே மடிப்புகள் தானாக இடமாகச் சுழலும். போர்வை முழுக்க வலம், இடம் என்று மாறிமாறி வரும். ஓர் இணைப்பைத் தப்பான பக்கம் மடித்தாலும் அந்த இரண்டு மூலைகளும் கட்டியாக நிற்கும்.

குவில்டிங் கோடுகள்

வித்தியாசம் முழுமையாகத் தெரிவது இங்கேதான். காகித முறையில் ஒவ்வொரு அறுகோணத்தின் ஓரத் துணியும் அதன் அடியிலேயே மடிந்திருக்கும், எல்லா ஓரமும் ஒரே கனம். ஓட்டத் தையலில் இணைப்பின் ஒரு பக்கம் இரண்டு அடுக்கு கூடுதல், மறுபக்கம் ஒன்றுமில்லை.

இணைப்புக் குழியிலேயே, அதாவது இரண்டு துண்டுகள் சேரும் கோட்டிலேயே, தைப்பது ஓட்டத் தையலுக்கு மட்டும் பொருந்தும். கனமில்லாத பக்கத்தில் ஊசி வெண்ணெயாக இறங்கும். காகித முறையில் குழிக்கு அடியில் சுற்றுத் தையல் நூல் மட்டுமே இருக்கிறது. குவில்டிங் இழுப்பில் அந்த இணைப்பு வாய்பிளக்கும். அதை முயலவே வேண்டாம்.

ஒவ்வொரு அறுகோணத்துக்குள்ளும் கால் அங்குலம் தள்ளி வளையமாகத் தைப்பது பழைய வழக்கம். இரண்டு முறைக்கும் சரி. காகித முறையில் உள்மடிப்பின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படுவதால் கோடு வரையாமலே தைக்கலாம். ஓட்டத் தையல்காரர் மடிப்பைக் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டியிருந்தால் ஊசி கனத்தில் மோதாது. ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு அரை அங்குலம், பேட்டிங்குக்குள் ஊசியை வழுக்கிக்கொண்டு போகலாம். 60×80 போர்வைக்கு இது மொத்தம் 200 மீட்டர் தையல்.

நம் தேர்வு வேறு. எதிரெதிர்ப் பக்கங்களின் நடுப்புள்ளிகளைத் தொட்டுச் செல்லும் நேர்கோடு ஒவ்வொரு அறுகோணத்தின் மையத்தையும் கடக்கும், இணைப்பைக் குறுக்கே செங்குத்தாகத் தாண்டும், கனமான மூலையைத் தொடவே தொடாது. கோடுகளுக்கு இடையே 1½ அங்குலம். ஒரு திசைக்கு 81 மீட்டர், இரண்டு திசையில் போட்டால் 163 மீட்டரில் சாய்சதுர வலை கிடைக்கும். மூலையிலிருந்து மூலைக்குப் போகும் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு இணைப்பின் மேலேயே ஓடும். காகித முறையில் அதுவும் தவிர்க்க வேண்டியது.

பாப்டிஸ்ட் ஃபேன் என்ற விசிறி வளைவுகள் இணைப்புகளைப் பொருட்படுத்தாமல் போர்வை முழுக்கப் படரும். பூப்போட்ட துணிகள் கலந்துகட்டி இருந்தால் அழகாக இருக்கும். வளைவுகளுக்கு இடையே 1 அங்குலம் என்றால் சுமார் 122 மீட்டர். சீரான கனம் என்பதால் இதில் காகித முறை முந்துகிறது. ஓட்டத் தையலில் கனமான பக்கத்தில் தையல் நீண்டு, கனமில்லாத பக்கத்தில் குறுகும். 9-ஆம் எண்ணுக்கு மேற்பட்ட குட்டை பிட்வீன்ஸ் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தித்தான் தாண்ட முடியும்.

இடைவெளி எவ்வளவு விடலாம் என்பது பேட்டிங் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும். உள்ளே வலைத்துணி ஒட்டிய பருத்திப் பேட்டிங் அகலமான இடைவெளியைத் தாங்கும், ஆனால் கையூசிக்கு முரடு. கம்பளிப் பேட்டிங்கில் ஊசி சுகமாகப் போகும்.

கோடு போடப் பேனா வாங்கும்போது கவனம். நீரில் மறையும் நீலப் பேனாவின் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் கறை நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனாவின் கோடு கடுங்குளிரில் திரும்பி வரும். நேர்கோட்டுக்கு இவை இரண்டும் தேவையில்லை. கால் அங்குல மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் ஓரமாகத் தைத்து, உரித்து, அடுத்த வரிசைக்கு நகர்த்தலாம். ராத்திரி முழுக்க மட்டும் ஒட்டியே விட்டுவிடாதீர்கள், பசை துணியில் தங்கிவிடும்.